மூன்று தயிர் மூட்டைகள்

குடும்பத்தில் அவரை மடிப்பு அத்தை என்றே அழைத்தார்கள். கைக்குட்டையானாலும் கடிதமானாலும் அவர் மடித்தால் ஓரத்தோடு ஓரம் ஒட்டி நிற்கும், மயிரிழை பிசகாது. பஸ் டிக்கெட்டைக்கூட நான்காக மடித்துத்தான் கைப்பையில் வைப்பார் என்று சொல்வது மிகையன்று. அப்படி மடிக்கப்பட்ட டிக்கெட்டுகள் அவருடைய பழைய பை ஒன்றில் இன்றும் இருக்கின்றன. துறைமுகத்தை ஒட்டியிருந்த கடலோடிகள் விடுதியில் துணி அறைப் பொறுப்பாளராக முப்பத்தோராண்டு பணி செய்தவர். விரிப்பு, தலையணை உறை, துண்டு, மேசைத்துணி என்று நாளொன்றுக்கு அறுநூறு உருப்படிகள் அவர் கைவழியே போய்வந்தன.

அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை. காரணம் கேட்டவர்களிடம், "ரெண்டு பேர் சேர்ந்து மடிக்கிற விரிப்பை நான் ஒருத்தியாவே மடிச்சுடறேன், அப்புறம் இன்னொரு ஆள் எதுக்கு?" என்று சொன்னதாக அவருடைய பெரியக்கா சொல்வார். அது பெரியக்காவே கட்டிவிட்ட கதை என்பார் தம்பி. எது உண்மையாயினும் சொற்களில் இருக்கும் குரல் அத்தையுடையதுதான்.

ஓய்வு பெற்றபின் மூன்றாம் மாடியில் இரண்டு அறைகளும் ஒரு குறுகிய சமையலறையும் கொண்ட வீட்டில் தனியே இருந்தார். பால்கனியில் மூன்று கொடிகள் கட்டியிருந்தார். உள்கொடியில் உள்ளாடை, நடுக்கொடியில் துண்டு, வெளிக்கொடியில் விரிப்பு. இந்த வரிசை மாறி யாரும் பார்த்ததில்லை. விருந்தினர் யாரேனும் துண்டைத் தவறான கொடியில் போட்டுவிட்டால் ஒன்றும் சொல்லமாட்டார். அவர்கள் திரும்பிப் பார்ப்பதற்குள் அது இடம் மாறியிருக்கும்.

அறுபத்திரண்டாம் வயதில், ஒரு கோடைக்காலச் செவ்வாய்க்கிழமை காலை, அந்த ஒழுங்கில் ஓர் ஓட்டை விழுந்தது. தயிர் தோய்ப்பதற்காக அடுப்பில் பாலை வைத்துவிட்டு, இரவல் வாங்கிய கத்தரிக்கோலைத் திருப்பிக் கொடுக்கத் தரைத்தளத்துத் தையல்காரரிடம் இறங்கிப் போனார். தையல்காரர் ஒரு சட்டையின் பொத்தான் துளையைக் காட்டி அபிப்பிராயம் கேட்டார். அத்தை அபிப்பிராயம் சொன்னார். அவர் சொல்லும் அபிப்பிராயம் எதுவும் சுருக்கமாக இருந்ததில்லை. இருபத்தைந்து நிமிடம் கழித்துத் தையல்காரர் மூக்கை உறிஞ்சி, "யாரோ பாலைத் தீய விட்டுட்டாங்க போலிருக்கே" என்றார். "யாரோ இல்ல, நான்தான்" என்று சொல்லிக்கொண்டே அத்தை மாடிப்படி ஏறினார். பாத்திரம் கரியாகிவிட்டது, சுவரில் முழ உயரத்துக்குக் கறுப்பு. வேறு சேதம் இல்லை. ஆனால் தையல்காரர் நல்ல மனிதர். நல்ல மனிதர்கள் செய்யக்கூடியதை அவரும் செய்தார். தம்பிக்குத் தொலைபேசினார்.

தம்பி, அத்தையைவிட ஆறு வயது இளையவர். கட்டடங்களில் தீத்தடுப்பு ஏற்பாடுகளைச் சோதிக்கும் ஆய்வாளர். சரியாக இருந்தால் பச்சைச் சீட்டும், சரியில்லை என்றால் 'பயன்படுத்தக் கூடாது' என்று அச்சிட்ட சிவப்புச் சீட்டும் ஒட்டுவது அவர் தொழில். மாலை ஐந்தரைக்கு வந்தார். சுவரைப் பார்த்தார், பாத்திரத்தைப் பார்த்தார், அக்காவைப் பார்க்கவில்லை. கேஸ் சிலிண்டரிலிருந்து ரெகுலேட்டரைக் கழற்றிச் செய்தித்தாளில் சுற்றித் தோல்பையில் வைத்தார். பிறகு, பழக்க தோஷமோ பிடிவாதமோ, அடுப்பின் நெற்றியில் ஒரு சிவப்புச் சீட்டையும் ஒட்டினார். வாசலில் தொங்கிய மாற்றுச் சாவியும் அவர் பைக்குள் போயிற்று.

"என்னடா இது?" என்றார் அத்தை.

"நீ எங்க வீட்டுக்கு வந்துடுக்கா. ரூம் ரெடியா இருக்கு. சமைக்க வேணாம், துவைக்க வேணாம், ராணி மாதிரி உக்காந்திரு. மாசக் கடைசியில இந்த வீட்டைக் காலி பண்றோம்னு வீட்டுக்காரர்கிட்ட சொல்லிட்டேன்."

"யாரைக் கேட்டுச் சொன்னே?"

"இதைக் கேட்டு" என்று சுவரிலிருந்த கரியைக் காட்டினார் தம்பி.

"யானைக்கும் அடி சறுக்கும்னு தெரியும். சறுக்குச்சுன்னு யானையைக் கட்டில் காலோட கட்டிப் போடுவாங்களா?"

தம்பி பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். இரண்டே நாளில் அக்கா பெட்டியோடு வந்து நிற்பார் என்று வீட்டில் மனைவியிடம் சொன்னார்.

அத்தை வரவில்லை. இரண்டு நாள் நான்காயிற்று, நான்கு எட்டாயிற்று. ரொட்டி, பழம், ஊறவைத்து முளைகட்டிய பயறு, கடைத் தயிர் என்று பச்சையாகவே காலம் தள்ளினார். தம்பி மனைவி அடுக்குக் கேரியரில் சாப்பாடு அனுப்பினார். கேரியர் திறக்கப்படாமலே திரும்பியது; அதைச் சுற்றியிருந்த துணி மட்டும் துவைத்துத் தேய்த்து மடிக்கப்பட்டிருந்தது. குற்ற உணர்ச்சியால் தையல்காரர் மின்சார அடுப்பு ஒன்றைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏறினார்.

"ரெகுலேட்டரே புதுசா ஒன்னு வாங்கிடலாமே அக்கா. இல்லைன்னா இதை வச்சுக்குங்க. தம்பிக்குத் தெரியவே வேணாம்."

"தெரியாம எதுக்குப் பண்ணணும்? என் வீட்டுக்கு நெருப்பு கொல்லைப்புறமா வர வேணாம். எடுத்தவன் கொண்டுவந்து மாட்டட்டும். அதுவரைக்கும் நான் பச்சைத் தண்ணி குடிச்சாலும் என் டம்ளர்லதான் குடிப்பேன்."

பத்தாம் நாள் பெரியக்கா தொலைபேசினார். மூவரில் மூத்தவர் அவர். குடும்பத்தில் அவர் சொல்லுக்கு மறுசொல் இருந்ததில்லை. "ஏண்டி, என்னடி நடக்குது அங்கே? அவன் இந்தப் பக்கம் அழறான், நீ அந்தப் பக்கம் முறுக்கிக்கிட்டு நிக்கறே. ஞாயித்துக்கிழமை நானே வரேன். ஒரு முடிவு பண்ணிடலாம். நீ அவன் வீட்டுக்குப் போறதுதான் நல்லதுன்னு எனக்குத் தோணுது, இப்பவே சொல்லிட்டேன்."

"வாக்கா. மத்தியானச் சாப்பாடு எல்லாருக்கும் இங்கேதான்."

"அடுப்பே இல்லையே! கையில ஏதாவது கட்டிக்கிட்டு வரணுமா?"

"வயித்தோட வாங்க, போதும்."

தொலைபேசியை வைத்ததும் அத்தை அலமாரியைத் திறந்து, துணி அறைக் காகிதங்களுக்கு நடுவிலிருந்து ஒரு சலவைச் சீட்டை எடுத்தார். இருபத்தாறு ஆண்டுப் பழைய சீட்டு. முன்பக்கம் 'விரிப்பு 40, உறை 38' என்றிருக்கும். பின்பக்கம் அத்தையின் கையெழுத்தில் பன்னிரண்டு வரிகள்.

அந்த வரிகளுக்கு உரியவர் ஒரு துருக்கிச் சமையல்காரர். சரக்குக் கப்பலின் ஏணியில் வழுக்கிக் கணுக்காலை முறித்துக்கொண்டு, தன் கப்பல் தன்னை விட்டுப் போனதும் விடுதியின் பதினான்காம் எண் அறையில் ஆறு வாரம் கிடந்தவர். விடுதிச் சாப்பாடு அவருக்கு இறங்கவில்லை. அறைக்குள் நெருப்பு மூட்டக் கூடாது என்பதோ விடுதியின் முதல் விதி. ஒருநாள் விரிப்பு மாற்றப் போன அத்தையிடம், கையால் மூட்டை கட்டுவதுபோலவும் அதிலிருந்து நீர் சொட்டுவதுபோலவும் சைகை காட்டினார். துணி வேண்டும் என்று அத்தைக்குப் புரிந்தது. கிழிந்த தலையணை உறையில் பாதியை வெட்டிக் கொடுத்தார். வெள்ளை வெளேரென்று, கஞ்சி போட்டு நீலம் போட்டுத் தேய்த்த துணி.

மறுநாள் சமையல்காரர் ஒரு கரண்டியை நீட்டினார். வடிந்து இறுகிய தயிர். அதில் கஞ்சியின் வழவழப்பும் மெல்லிய நீலமும் கலந்திருந்தன. அவர் முகம் சுளிக்கவில்லை. சுளித்திருந்தால் தாங்கிக்கொண்டிருக்கலாம் என்று அத்தை பிற்பாடு சொன்னதுண்டு. அன்றே புதுத்துணி எடுத்து, சோப்போ கஞ்சியோ காட்டாமல் வெறுந்தண்ணீரில் ஏழு முறை அலசி உலர்த்திக் கொண்டுபோய்க் கொடுத்தார். அதிலிருந்து, 'வாய்க்குப் போகிற துணி' என்று தனியாக ஓர் அடுக்கு அவர் அலமாரியில் எப்போதும் இருந்தது.

அந்தத் துணியில் வடித்த தயிரையும் வெள்ளரிக்காயையும் கொண்டு சமையல்காரர் செய்த குளிர்ந்த பதார்த்தத்தின் பெயர் ஜாஜிக். கால் கட்டோடு கட்டிலில் சாய்ந்தபடி, தீக்குச்சி ஒன்றைக்கூடக் கிழிக்காமல், ஒரு கிண்ணத்தையும் ஒரு கண்ணாடி டம்ளரையும் வைத்துக்கொண்டு அவர் அதைச் செய்தார். நெருப்பை மறுத்த அறையில் ஒரு மனிதன் தன் சாப்பாட்டைத் தானே செய்து சாப்பிட்டதை அத்தை பார்த்துக்கொண்டு நின்றார். பார்த்ததை அன்றே சலவைச் சீட்டின் பின்னால் எழுதிக்கொண்டார். கணுக்கால் சேர்ந்ததும் சமையல்காரர் வேறொரு கப்பலில் போய்விட்டார். பிறகு அவரைப் பற்றிய தகவல் இல்லை.

சனிக்கிழமை மாலை அத்தை தயிர் வாங்கி வந்தார். சீட்டின் முதல் வரி: 'தயிரைத் துணியில் கட்டித் தொங்கவிடு. புளித்த தண்ணீர் போகட்டும். நல்ல தண்ணீர் பின்னால் வரும்.' நால்வருக்கு ஒரு மூட்டை தாராளமாகப் போதும். ஆனால் அத்தை கட்டியது மூன்று. துணி அறையில் எதுவும் மூன்றாகத்தான் இருக்கும். ஒன்று கட்டிலில், ஒன்று வெளுப்பில், ஒன்று அலமாரியில். இந்தக் கணக்கு பிசகினால் எந்த விருந்தினனாவது வெறும் மெத்தையில் படுப்பான் என்பது முப்பத்தோராண்டுப் பாடம். இரண்டு மூட்டைகளைச் சல்லடை மேல் வைத்துக் குளிர்பெட்டிக்குள் ஏற்றினார். மூன்றாவதற்கு உள்ளே இடமில்லை. அதை ஞாயிறு காலை ஒன்பதரைக்குக் கட்டி, சமையலறைத் தொட்டியின் குழாயில் தொங்கவிட்டார். பக்கத்திலேயே, சோப்புத்தூள் கரைத்த வாளியில் இரண்டு துண்டுகள் ஊறிக்கொண்டிருந்தன. பத்தே கால் மணிக்குக் கதவைப் பூட்டிக்கொண்டு, ரொட்டியும் பனிக்கட்டியும் வாங்கவும், பஸ்ஸில் வரும் பெரியக்காவை அழைத்துவரவும் தெருவில் இறங்கினார்.

பன்னிரண்டு மணிக்கு வரச் சொல்லியிருந்த தம்பியும் மனைவியும் பத்தரைக்கே வந்துவிட்டார்கள். முன்னறிவிப்பில்லாமல் போய்ப் பார்ப்பதுதான் உண்மையான ஆய்வு என்பது தம்பியின் தொழில் நம்பிக்கை. பையிலிருந்த மாற்றுச் சாவியால் கதவைத் திறந்தார்.

சமையலறைக்குள் முதலில் போனவர் தம்பியின் மனைவி. பின்வருவது, அவரே பிற்பாடு சிரிப்பும் வெட்கமுமாகச் சொன்னது.

"என்னங்க, இங்க வந்து பாருங்களேன். அண்ணி ஈரத்துணியைச் சுருட்டிக் குழாயில கட்டிட்டு மறந்தே போயிட்டாங்க."

தம்பி வந்து மூட்டையைத் தொட்டுப் பார்த்தார். மெத்தென்றிருந்தது. "கஞ்சி. துணிக்குப் போட்ட கஞ்சி அலசாம அப்படியே கட்டிப் போயிருக்கு."

"புளிச்ச வாடை வேற வருதே."

"அப்படின்னா நேத்து முந்தாநேத்துது இல்ல. எத்தனை நாளா தொங்குதோ!" தம்பியின் குரல் இறங்கியது. "பால் ஒரு நாள் மறதின்னு நினைச்சேன். துணியையே மறந்துட்டாளே. அதுவும் நம்ம அக்கா."

கஞ்சியே வாழ்க்கையாக இருந்த ஒருத்தியின் வீட்டில், வெள்ளையாகவும் கட்டியாகவும் இருப்பது வேறென்னவாக இருக்க முடியும்? தயிர் என்று நினைக்க இன்னொரு குடும்பத்தில் பிறந்திருக்க வேண்டும். தம்பி சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, உண்மையான பாசத்தோடு, மூட்டையைச் சோப்பு வாளிக்குள் முக்கினார். வெண்மேகமாகக் கரைந்தது. "கஞ்சி எவ்வளவு போட்டிருக்கா பாரு!" என்று கசக்கினார், பிழிந்தார், மறுபடி முக்கினார். பிறகு குழாயடியில் அலசி, இருவருமாக உதறிப் பால்கனியில் காயப்போட்டார்கள். உள்கொடியில்.

பதினொன்றே கால் மணிக்கு அத்தையும் பெரியக்காவும் படியேறி வந்தபோது கதவு திறந்திருந்தது. அத்தையின் கண் நேரே பால்கனிக்குத்தான் போனது. வாய்க்குப் போகிற துணி, உள்ளாடைக் கொடியில் காற்றாடிக்கொண்டிருந்தது.

தம்பி முந்திக்கொண்டார். "பெரியக்கா, நீயே கேளு. ஈரத்துணியைக் குழாயில கட்டித் தொங்கவிட்டு மறந்திருக்கா. கஞ்சி புளிச்சு நாறுது. நாங்க வந்து துவைச்சுப் போட்டோம். இதுக்கு மேல என்ன அத்தாட்சி வேணும்?"

பெரியக்கா தங்கையைப் பார்த்தார். அத்தை ரொட்டியை மேசை மேல் வைத்தார், பனிக்கட்டிப் பையைத் தொட்டியில் வைத்தார், கையைத் துடைத்துக்கொண்டார். விடுதியில் உருப்படி ஒன்று காணாமல் போனால் விசாரிக்கும் குரலில் கேட்டார்:

"எங்கடா இருந்தது?"

"குழாயில."

"தொட்டா எப்படி இருந்தது?"

"மெத்துனு. கட்டிக் கஞ்சி."

"வாடை?"

"புளிச்ச வாடை."

"வெள்ளையா, கட்டியா, புளிப்பா இருக்கிற சாமான் ஒன்னு சொல்லு பாப்போம்."

தம்பி வாயைத் திறந்தார். அவர் மனைவியின் கை தானாகவே வாயைப் பொத்திக்கொண்டது. "ஐயோ அண்ணி... தயிரா?"

"தயிர்தான். ஒரு படி தயிர். உங்க வீட்டுக்காரர் சோப்புப் போட்டு வெளுத்து உள்கொடியில காயப்போட்டிருக்கார்."

பெரியக்கா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் இருமல் வந்து, தண்ணீர் கொடுக்க வேண்டியதாயிற்று. தம்பியின் முகம் அவர் ஒட்டும் சீட்டைப் போலச் சிவந்தது.

"நான் பாலைக் கருக்கினா அதுக்குப் பேர் மறதி. நீ தயிரைக் கரைச்சா அதுக்குப் பேர் உதவியா?" என்றார் அத்தை.

"தெரியாம நடந்ததுக்கா. சரி, சாப்பாடு போச்சு. நான் போய் ஏதாவது வாங்கிட்டு வரேன்."

"யார் சொன்னா போச்சுன்னு?" அத்தை குளிர்பெட்டியைத் திறந்தார். உள்ளே இரண்டு மூட்டைகள் சல்லடை மேல் உட்கார்ந்திருந்தன. "ஒன்னு கட்டில்ல, ஒன்னு வெளுப்புல, ஒன்னு அலமாரியில. ஒன்னு வெளுப்புக்குப் போச்சு, அவ்வளவுதான். உக்காருங்க எல்லாரும். யாரும் எதையும் துவைக்காதீங்க."

அதன்பின் அத்தை வேலை செய்தார்; மூவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பார்ப்பது மட்டுமல்ல, எதை மறக்கிறார் என்று தம்பி காத்துக்கொண்டும் இருந்தார் என்பது அத்தைக்குத் தெரியும். சலவைச் சீட்டை அத்தை கையில் எடுக்கவில்லை. அது மேசை விளிம்பில் தம்பியின் கைக்கெட்டும் இடத்தில், எழுத்து மேற்புறமாகக் கிடந்தது.

வெள்ளரிக்காய்களை ஒரு பட்டை சீவி ஒரு பட்டை விட்டுக் கோடு கோடாகத் தோலெடுத்தார். நீளவாக்கில் பிளந்து விதையைக் கரண்டி முனையால் வழித்தார். பொடிப்பொடியாக நறுக்கி, உப்புத் தூவி, ஒதுக்கி வைத்தார்.

"தயிர்ல உப்பு போடலையே?" என்றார் தம்பி.

"சீட்டுல நாலாவது வரியைப் படி."

தம்பி படித்தார்: 'உப்பு காய்க்கு, தயிருக்கு அல்ல. அவசரப்பட்டால் எல்லாம் தண்ணீராகும்.'

"அவசரப்படறவங்களை அந்தத் துருக்கிக்காரருக்கு அப்பவே தெரிஞ்சிருக்கு" என்றார் பெரியக்கா.

கால் மணி நேரம் காய் நீர்விடக் காத்திருக்க வேண்டும். அந்தக் கால் மணி நேரத்தில்தான் பேச வேண்டியதைப் பேசினார்கள்.

"அக்கா," என்றார் தம்பி, இம்முறை ஆய்வாளர் குரல் இல்லாமல். "போன வருஷம் ஒரு வீட்டுக்கு அறிக்கை எழுதப் போனேன். சமையலறை மட்டும்தான் எரிஞ்சிருந்தது. உன் வயசு அந்தம்மாவுக்கு. கதவுப் பக்கத்துல ஒரு செருப்பு, அடுப்புப் பக்கத்துல ஒரு செருப்பு. அதை நான் யார்கிட்டயும் சொல்லலை. அன்னிக்கு உன் சுவத்துல கரியைப் பார்த்ததும் அந்தச் செருப்புதான் தெரிஞ்சுது."

பெரியக்கா சிரிப்பை நிறுத்தியிருந்தார்.

"அதை முதல்லயே சொல்லியிருக்கலாமேடா" என்றார் அத்தை. "நீ பயந்தது தப்பில்ல. பாலை மறந்தேன், ஆமா. இல்லேன்னு என்னிக்காவது சொன்னேனா? ஆனா பயம் உன்னோடது. அதைத் தூக்கி என் வீட்டு மேல சீட்டா ஒட்டாதே. ராணி மாதிரி உக்காருன்னு சொன்னே. நான் உக்காந்து சம்பாதிச்சவ இல்ல. நின்னவ. முப்பத்தோரு வருஷம் நின்ன காலு இது. உன் வீட்டு ரூம்ல கட்டிலும் ஃபேனும் இருக்கும். என் கைக்கு என்ன வேலை இருக்கும்? ஒரு வருஷத்துல உண்மையாவே எல்லாத்தையும் மறந்துடுவேன், என் பேரு உள்பட."

"நாளைக்கு மறுபடி மறந்தா?"

"அதுக்கு வழி பண்ணியாச்சு." அத்தை இடுப்பிலிருந்து வீட்டுச் சாவியை எடுத்தார். வளையத்தில் அகலமான நாடா கட்டியிருந்தது. அடுப்புத் திருகைத் திறந்து வைத்து, அதன் மேல் அந்த நாடாவை மாட்டிக் காட்டினார். "விடுதியில நீராவி இஸ்திரி அறைச் சாவியை நீராவிக் குழாய்த் திருகிலதான் மாட்டுவோம். திருகை மூடாம சாவியை எடுக்க முடியாது, சாவி இல்லாம அறையை விட்டுக் கிளம்ப முடியாது. முப்பத்தோரு வருஷத்துல ஒருநாள்கூடத் தவறினதில்ல. வீட்டுலயும் அதையே செய்யணும்னு எனக்குத் தோணாம போச்சு பாரு, அதுதான் என் தப்பு. நீ ரெகுலேட்டரைத் தூக்கிட்டுப் போன அன்னிக்கே இந்த நாடாவைத் தைச்சுட்டேன். உனக்காக இல்ல. எனக்காக."

தம்பி எழுந்து போய்ச் சாவியை எடுத்துப் பார்த்தார். நாடா திருகின் பின்னால் சிக்கியது. திருகை 'மூடு' நிலைக்குத் திருப்பினால்தான் கழன்றது. இரண்டு முறை முயன்றார். மூன்றாம் முறை ஏமாற்றிப் பார்த்தார், நடக்கவில்லை. அவருடைய துறையில் இதற்கு ஒரு நீண்ட பெயர் உண்டு.

"வந்தா இப்பவே பெட்டியை எடுத்துக்கிட்டு வா, வராட்டி காரணம் சொல்லுன்னு கேக்கத்தான் நான் வந்தேன்" என்றார் பெரியக்கா. "காரணம் சொல்லிட்டா. எனக்குப் பசிக்குது."

"நான் காரணம் சொல்லலைக்கா. காரணம் சொல்ல வேண்டிய இடத்துல நான் இல்ல. மாசக் கடைசியில இந்த வீட்டை யாரும் காலி பண்ணப் போறதில்லைன்னு சொல்றேன். வீட்டுக்காரர்கிட்ட நேத்தே எழுதிக் கொடுத்தாச்சு. நீங்க சரின்னாலும் அதேதான், இல்லைன்னாலும் அதேதான். ரெகுலேட்டரை வச்சுக்கணும்னா அவனே வச்சுக்கட்டும். பன்னிரண்டு நாள் இருந்தவளுக்குப் பன்னிரண்டு வருஷம் இருக்கத் தெரியாதா?"

கால் மணி நேரம் ஆகியிருந்தது. அத்தை நறுக்கிய வெள்ளரிக்காயை இன்னொரு துணியில் அள்ளி முறுக்கினார். அறுநூறு உருப்படி பார்த்த கை. ஒரே முறுக்கில் பச்சை நீர் தாரையாக இறங்கியது. பூண்டுப் பல்லை உப்போடு சேர்த்து டம்ளரின் அடிப்பாகத்தால் நசுக்கி விழுதாக்கினார். மூட்டையை அவிழ்த்தார். தயிர், துணியின் நெசவு பதிந்து, உருண்டையாக வெளியே வந்தது. அதைக் கிண்ணத்தில் அடித்துக் குழைத்து, பூண்டு விழுது சேர்த்து, பனிக்கட்டி நீரைச் சிறிது சிறிதாக ஊற்றிக் கரண்டியிலிருந்து தடையின்றி வழியும் பதத்துக்குக் கொண்டுவந்தார். பிழிந்த காய் உள்ளே போயிற்று. இரண்டு விரிப்புகளுக்கு நடுவே வைத்து அவரே உலர்த்தியிருந்த புதினா இலையை உள்ளங்கையில் தேய்த்துத் தூவினார். மேலே ஆலிவ் எண்ணெய் ஒரு சுற்று. நான்கு கிண்ணங்களிலும் இரண்டிரண்டு பனித்துண்டுகள்.

தம்பி சீட்டின் பன்னிரண்டு வரிகளையும் விரலால் தொடர்ந்துகொண்டே வந்திருந்தார். ஒரு வரியும் விடுபடவில்லை.

சாப்பிட்டார்கள். வெளியே வெயில் தகரக் கூரைகள்மேல் கொதித்துக்கொண்டிருந்தது. உள்ளே கிண்ணங்களின் வெளிப்புறம் வேர்த்திருந்தது. தம்பி மனைவி ரொட்டியால் கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, "அண்ணி, துவைச்சதும் இதே ருசியா இருந்திருக்குமோ?" என்று கேட்க, தம்பி முறைக்க, பெரியக்காவுக்கு மறுபடி இருமல் வந்தது. தம்பி இரண்டாம் கிண்ணம் கேட்டார். அத்தை ஊற்றினார். தம்பி அதைக் குடித்து முடித்துவிட்டுப் பையைத் திறந்து, செய்தித்தாள் சுற்றிய ரெகுலேட்டரை எடுத்து மேசையில் வைத்தார்.

அத்தை அதைத் தொடவில்லை. "எடுத்த இடத்துல வை."

தம்பி சமையலறைக்குள் போய்க் குனிந்து சிலிண்டரில் பொருத்தினார். பொருத்தியபின் கசிவு பார்க்கச் சோப்புநுரை வேண்டும். சுற்றுமுற்றும் பார்த்தார். தயிர் கரைந்து வெள்ளையாக நின்ற வாளியைத் தவிர வேறில்லை. அதிலிருந்தே நுரையை அள்ளி, இணைப்பைச் சுற்றிப் பூசி, மூச்சுக்கூட விடாமல் பார்த்தார். குமிழி வரவில்லை.

"சரியா இருக்கு. பச்சைச் சீட்டு ஒட்டட்டுமா?"

"ஒட்டித்தான் பாரேன். சிவப்பை முதல்ல உரி."

பன்னிரண்டு நாள் காய்ந்த பசை எளிதில் விடவில்லை. ஐம்பத்தாறு வயது ஆய்வாளர் நகத்தால் சுரண்டிச் சுரண்டி அதை எடுத்து முடிக்கும்வரை, அத்தை கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்த்தார், உதவவில்லை. "ஓரத்துல இன்னும் இருக்கு" என்று மட்டும் ஒருமுறை சொன்னார். பிறகு கையை நீட்டினார். மாற்றுச் சாவியும் வந்தது. அது அன்று மாலையே தரைத்தளத்துத் தையல்காரரிடம் போய்ச் சேர்ந்தது. தீய்ந்த வாடையை முதலில் பிடித்தவர் அவர்தானே என்பது அத்தையின் நியாயம்.

"அடுப்பைப் பத்த வச்சு ஒரு தடவை பார்த்துடலாமா அக்கா?"

"இன்னிக்கு வேணாம். இன்னிக்குச் சாப்பாடு ஆச்சு."

அவர்கள் கிளம்பும்போது அத்தை மிச்சமிருந்த மூட்டையை அவிழ்த்து, அதையும் கலந்து, முன்பு திறக்காமல் திருப்பி அனுப்பியதும் அன்று தம்பி மனைவி காலியாகக் கையோடு கொண்டுவந்திருந்ததுமான அதே கேரியரில் நிரப்பி, வாய்க்குப் போகிற துணியொன்றால் சுற்றிக் கொடுத்தார். "கேரியரைக் கழுவித் திருப்பி அனுப்ப வேணாம். உங்களோடதுதான். துணியை மட்டும் அனுப்புங்க. சோப்பு காட்டாதீங்க."

மறுநாள் காலை ஆறரை மணிக்கு அத்தை பாலை அடுப்பில் வைத்தார். திருகின் மேல் சாவி தொங்கியது. பொங்கி அடங்கும்வரை நின்றுகொண்டே இருந்தார்.

அதே காலையில் தம்பி அலுவலகத்தில் பையை மேசைமேல் வைத்தபோது பக்கத்து மேசைக்காரர், "என்ன சார், உங்களுக்கே சிவப்பா?" என்று கேட்டார். பையின் அடிப்புறத்தில், ஓரத்தோடு ஓரம் பிசகாமல், 'பயன்படுத்தக் கூடாது' என்ற சீட்டு ஒட்டியிருந்தது. பையிலிருந்த புதுச் சீட்டுகளில் ஒன்றை அத்தை எப்போது எடுத்து ஒட்டினார் என்று பெரியக்காவுக்கும் தெரியவில்லை. தம்பி மனைவி தமக்குத் தெரியாது என்று இன்றுவரை சொல்லிவருகிறார்.